எட்டாம் நாள் பிரித்த முட்டு

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால் கலவை மெஷின் சத்தத்தில் நீ "ஆங், ஆங்" என்றே காலம் தள்ளுகிறாய். அதனால் கடிதம். சாப்பாட்டு நேரத்திலாவது படி.

என் பயிற்சி மையத்தின் கதை உனக்குத் தெரியும். கொத்து வேலை, கம்பி கட்டுவது, சென்ட்ரிங் பலகை அடிப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்து இருபது பேராவது சேராவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. இதுவரை வந்தது ஏழு பேர். பள்ளி பள்ளியாக ஏறி இறங்கித் தொண்டை கட்டிவிட்டது. "எம் பையன் சட்டி தூக்கவா படிச்சான்?" என்று ஓர் அப்பா சண்டைக்கே வந்துவிட்டார். பையன் படிப்பு முடித்து மூன்று வருடமாக வீட்டில் சும்மா கிடக்கிறானாம்.

பத்தாம் தேதி முப்பது பிள்ளைகளையும் பெற்றோரையும் உன் சைட்டுக்கு அழைத்து வருகிறேன். நேற்று நீ கான்கிரீட் போட்ட கூரைத் தளத்தைக் கீழிருந்து காட்ட வேண்டும். அதைத் தாங்கும் முட்டுக் கம்புகள் காடு மாதிரி நின்றால் அவர்களுக்கு இருட்டுதான் தெரியும். ஓர் அறையிலாவது முட்டும் பலகையும் பிரித்து வைப்பாயா? அண்ணாந்து பார்த்தால் ஆசை வரும்.

அன்புடன்,
அக்கா

ஜூன் 5

அக்காவுக்கு,

ஆசை வருவது இருக்கட்டும், தளம் கீழே வந்தால்? பதினாலு நாள் முட்டு நிற்க வேண்டும். நீ கேட்பது எட்டாம் நாள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா?

போன வருடம் உன் மையத்தில் பயிற்சி கொடுத்து நீ அனுப்பிய பெண், அந்த வாயாடி, இங்கே எல்லோரையும் ஆட்டி வைக்கிறாள். பலகை மட்டம் தப்பியிருக்கிறது என்று என்னிடமே சொன்னாள். மட்டக்கோல் வைத்துப் பார்த்தால் தப்பித்தான் இருந்தது. "மேஸ்திரி, ஒரு கண்ணாடி போட்டுக்குங்க" என்கிறாள். இப்படி இன்னும் நாலு பேர் வந்தால் நான் கரை சேர்ந்துவிடுவேன். ஆள் இல்லாமல் இந்த வயதில் நானே பலகை சுமக்கிறேன்.

அதனால்தான் உன் பேச்சைத் தட்ட முடியவில்லை. ஓரத்து அறை சின்னது. அதை மட்டும் பிரிக்கிறேன். இன்ஜினியரிடம் சொல்லப்போவதில்லை, நீயும் வாயைத் திறக்காதே.

உன் தம்பி

ஜூன் 10

என் தங்கத் தம்பிக்கு,

இருபத்திரண்டு பேர்! இன்று மட்டும் பதினைந்து விண்ணப்பம். உன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

நான் பேசி ஒருவரும் அசையவில்லை. வாயாடிதான் அந்த அறை நடுவில் நின்று கையை மேலே நீட்டி, "இது நான் பலகை அடிச்ச கூரை. இப்ப தானா நிக்குது, பாருங்க" என்றாள். சண்டைக்கு வந்த அந்த அப்பாவே பேனா கேட்டார்.

நாளைக்கு இன்னொரு பள்ளி வருகிறது. அறையைக் கூட்டிச் சுத்தமாக வை. இந்தக் கடிதத்தை வாயாடியிடமே கொடுத்தனுப்புகிறேன். காலையில் வேலைக்கு வரும்போது தருவாள்.

உன் அக்கா

ஜூன் 12

அக்கா,

வாயாடி செத்துவிட்டாள்.

நேற்றுக் காலை உன் கடிதத்தைக் கொடுத்தாள். படித்துவிட்டு, "அந்த ரூமைக் கூட்டிடும்மா" என்று நான்தான் அனுப்பினேன். கீழே முட்டு இல்லையென்றால் மேலே பாரம் ஏற்றலாம் என்பது எங்கள் தொழிலில் கணக்கு. பிரித்த அறையைப் பார்த்த ஆட்கள் தளம் பக்குவமாகிவிட்டது என்று நினைத்து, அதன்மேல் செங்கலை இறக்கி அடுக்கியிருக்கிறார்கள். பாரம் தாங்காமல் தளம் அவள்மேல் விழுந்துவிட்டது. அவர்கள் மேல் குற்றமில்லை. ஏற்றாதீர்கள் என்று சொல்லி வைக்க வேண்டியவன் நான். உன் விருந்தாளிகளைக் கவனித்த மும்முரத்தில் மறந்துபோனேன்.

கான்கிரீட்டைப் புரட்டி அவளை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. துடைப்பம் கையிலேயே இருந்தது.

பதினேழாம் தேதி விசாரணை. என்ன சொல்வது, அக்கா?

தம்பி

ஜூன் 14

தம்பி,

இரண்டு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஆனாலும் நான் சொல்வதைக் கேள்.

ஆள் சேர்க்கத்தான் முட்டுகளைப் பிரித்தோம் என்று தெரிந்தால் மையத்தை மூடிவிடுவார்கள். நீ ஜெயிலுக்குப் போவாய். உன் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும். நேற்று உங்கள் கம்பெனிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவள் சொல்லாமல் கொள்ளாமல் தடுப்புக் கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள் என்று எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். நீ ஆமாம் என்றால் போதும். போனவள் போய்விட்டாள், இருப்பவர்களைப் பார்.

உனக்காகச் சொல்கிறேன். எனக்காகவும்தான். உன்னிடம் எதை மறைக்க?

அக்கா

ஜூன் 18

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே கயிறே கட்டவில்லை என்பது எனக்குத் தெரியும், இப்போது உனக்கும் தெரியும்.

"பொண்ணு கொஞ்சம் துடுக்கோ?" என்று அதிகாரி கேட்டார். "வாயாடிங்க" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

உன் இருபத்திரண்டு பேரில் ஒருவரையும் என்னிடம் அனுப்பாதே. நீயும் எனக்கு எழுதாதே.

மேஸ்திரி

ஜூலை 3

அன்புத் தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேற்று வாயாடியின் அம்மா மையத்துக்கு வந்தார். கூடவே சின்ன மகளும். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று எழுந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "எம் பொண்ணால உங்க சென்டருக்குக் கெட்ட பேரு வந்துடுச்சுங்க. போகக்கூடாத இடத்துல போய் நின்னிருக்காளே. தினமும் அவளைத் திட்டித் திட்டியே அழறேன்" என்றார். பிறகு சின்னவளை முன்னால் தள்ளிவிட்டு, "இவ அப்படி இல்ல. சொன்ன பேச்சு கேப்பா. அக்கா இடத்துல இவளைச் சேர்த்துக்குங்க" என்றார்.

விண்ணப்பம் என் கையில் இருந்தது. கொடுக்க முடியவில்லை, தம்பி. நான் கேட்டது, நீ பிரித்தது, நீ அவளைக் கூட்ட அனுப்பியது, இல்லாத கயிறு, எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடமும் சொல்லப்போகிறேன். உன்னையும் சேர்த்துக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன். எனக்கு முன்னால் நீயே போய்ச் சொல்லிவிடு, அதுதான் நல்லது.

அந்த அம்மா கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப எம் பொண்ணு, சொன்ன பேச்சு கேட்டுத்தான் அங்க நின்னாளா?"

ஆமாம் என்றேன்.

அக்கா