பீலித் தண்ணீருக்குப் பரீட்சை

18 பெப்ரவரி 2025, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது! கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் என் தோழி பெற்றீசியா அனுப்பியிருக்கிறாள். மூன்று மாதமாகக் கேட்டுக் கேட்டு அவள் உயிரை வாங்கியிருந்தேன். அமிலமா காரமா என்று பார்க்கும் தாள்கள், கலங்கலை அளக்கும் நீளக் குழாய், பன்னிரண்டு சின்னப் போத்தல்கள். போத்தலில் தண்ணீரை நிரப்பி இளஞ்சூட்டில் இரண்டு நாள் வைத்தால் போதும். தண்ணீரில் சாணமோ மலமோ கலந்திருந்தால் கறுத்துவிடும்.

அதிபர் கணேசமூர்த்தி சேர் எட்டிப் பார்த்து, "டெல்சி டீச்சர், இது பள்ளிக்கூடமா, மருந்துக் கடையா?" என்றார். தரம் ஒன்பது முழுவதும் சிரித்தது. நானும்தான்.

20 பெப்ரவரி, வியாழன்

இன்று தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் போனோம். மலையில் வரும் ஓடைத் தண்ணீரைக் குழாய் வைத்து ஒரு தொட்டியில் சேர்த்து, பீலி என்கிற வாய்க்குழாய் வழியாக விழவிட்டிருக்கிறார்கள். நாற்பது வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். பீலியில் மூன்று போத்தல், பள்ளிக்கூடக் குழாயில் ஒன்று. போத்தல் வாயில் விரல் படக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அந்த லயத்துப் பிள்ளை ஷாமிலா அதைப் பிடித்துக்கொண்டு மூச்சுகூட விடவிடவில்லை. என்னையே இரண்டு தரம் அதட்டினாள்!

இந்த டயகமக் குளிரில் இளஞ்சூட்டுக்கு எங்கே போவது? அதற்கும் அவளே வழி சொன்னாள். "எங்க வீட்டு அடுப்புப் பக்கத்துல வைக்கலாம் டீச்சர். பூனைய எழுப்பிவிட்டுட்டா எடம் இருக்கு."

22 பெப்ரவரி, சனி

"கறுத்துருச்சு டீச்சர்!" ஷாமிலா என் அறை வாசலில் வந்து நின்று கத்தினாள். பீலித் தண்ணீர் மூன்றும் கறுப்பு. பள்ளிக்கூடத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

கை தட்டிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இந்த மாதம் மட்டும் மேல் லயத்தில் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஷாமிலாவின் தம்பிக்கு இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். இதையா குடித்துக்கொண்டிருக்கிறார்கள்? எதற்கடி கை தட்டினாய்? வெட்கமாக இருக்கிறது. ஆனால் பொய் சொல்லக்கூடாது — கண்டுபிடித்துவிட்டோம் என்ற குதூகலமும் இன்னும் அடங்கவில்லை.

24 பெப்ரவரி, திங்கள்

கறுத்த போத்தலோடு தலைவர் வீரய்யாவிடம் போனேன். லயத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"பாருங்க டீச்சர், கண்ணாடியாட்டம் ஓடுது. எங்க அப்பா காலத்துலருந்து குடிக்கிறோம். ஒங்க போத்தல்லதான் ஏதோ கோளாறு."

நான் விடவில்லை. அவரும் விடவில்லை. கடைசியில், "வெள்ளிக்கெழம எல்லாரு முன்னாலயும் அளந்து காட்டுங்க. தண்ணி நல்லதுன்னு வந்துச்சுன்னா இந்த வேலைய இதோட விட்டுறணும்" என்றார்.

சரி என்றேன். யாரைக் கேட்டுச் சரி என்றேன்? வெள்ளிக்கிழமை ஏதாவது சொதப்பினால் இனி ஒருவரும் தண்ணீரைக் காய்ச்ச மாட்டார்கள். பிள்ளைகள் தொடர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

27 பெப்ரவரி, வியாழன்

பயம். ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. மூன்றுதான் சாப்பிட்டேன்.

28 பெப்ரவரி, வெள்ளி

ஐயோ, இன்றைக்கு நடந்ததை எங்கிருந்து எழுதுவது! சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது.

மலையில் கொழுந்தை எடை போட்டவுடன் எல்லோரும் பீலிக்கு வந்துவிட்டார்கள். தொட்டியைச் சுற்றிக் கோலம், வேப்பிலைத் தோரணம். தண்ணீருக்குப் பரீட்சை என்றால் சும்மாவா? வீரய்யா பீலியின் அடைப்பை எடுத்தார்.

தண்ணீர் சிவப்பாக விழுந்தது. சிவப்பு! யாரோ "ஆத்தா கோவம்!" என்று அலற, இரண்டு பெண்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். விஞ்ஞான ஆசிரியை!

ஷாமிலா மட்டும் தாளை நனைத்து, பெட்டியில் இருந்த நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினொன்னு டீச்சர்! சரியான காரம்." அப்படியே தன் தாய் அம்மாக்கண்ணு பக்கம் திரும்பி, "அம்மா, ஆலத்திக்கு என்னென்ன கரைப்பீங்க?" என்று கேட்டாள்.

"மஞ்சளும் சுண்ணாம்பும்." சொன்ன பிறகுதான் அம்மாக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டார். "காலையில நாங்கதான் மஞ்சத்தூள் போட்டோம். சுத்தமா இருக்கட்டும்னு... ரெண்டு பெரிய பாக்கெட்டு. ஆனா சுண்ணாம்பு போடலியே!"

எல்லோரும் வீரய்யாவைப் பார்த்தார்கள். முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் திட்டு.

"ஆளுங்க பாக்க வர்றாங்களேன்னு நேத்து அந்தியில தொட்டி உள்ளுக்கு ஒரு பூச்சு பூசுனேன்," என்றார் மெதுவாக.

தொட்டி நிறைய ஆரத்தி! ஷாமிலா ஒரு கிளாஸில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அதில் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தாள். சிவப்பு மறைந்து பளிச்சென்று மஞ்சள். விழுந்து கும்பிட்டவர்கள்தான் முதலில் சிரித்தார்கள். ஆளாளுக்கு ஒரு கிளாஸ் கேட்டு, தேசிக்காய்க்கு அடிபிடி. என் ஆயுளில் இப்படி ஒரு செய்முறை வகுப்பு எடுத்ததில்லை. உண்மையில் அதை நான் எடுக்கவேயில்லை.

வீரய்யா சிரிக்கவில்லை. கடைசியில், "தொட்டியக் கழுவிட்டு நாளைக்கு மறுபடி புடிங்க. ஒருத்தரும் ஒன்னும் போடக்கூடாது. நானுந்தான்" என்றார்.

3 மார்ச், திங்கள்

சனிக்கிழமை கழுவிய தொட்டியிலிருந்து இரண்டு போத்தல் பிடித்தோம். "என் வீட்டு அடுப்புலயே இருக்கட்டும், நானே பாக்குறேன்" என்று வீரய்யா கொண்டுபோனார். இன்று அவரே தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டும் கறுப்பு. மேசையில் வைத்துவிட்டு நின்றார். எனக்குப் பாவமாகிவிட்டது.

ஆனால் ஆள் லேசுப்பட்டவரில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே, வேலைக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாராம்: "இனிமே காய்ச்சாம ஒருத்தரும் குடிக்கக்கூடாது."

எங்கிருந்து கலக்கிறது? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். மலையேற வேண்டும்! பிள்ளைகள் குதிக்கிறார்கள்.

7 மார்ச், வெள்ளி

புதன்கிழமை ஓடை நெடுக ஏறி நான்கு இடத்தில் தண்ணீர் பிடித்தோம். நான் இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். பிள்ளைகள் இரண்டு தரமும் எண்ணிச் சொன்னார்கள்.

இன்று முடிவு. மேலே இரண்டும் தெளிவு, கீழே இரண்டும் கறுப்பு. நடுவில் இருப்பது ஒரே ஒரு மாட்டுப் பட்டி.

யாருடைய பட்டி? பிள்ளைகள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். போத்தல்களைக் கொண்டுவந்திருந்த வீரய்யாவே கேட்டார். "நம்ம லெச்சுமியா?" அந்தப் பசுவை அவர் பெற்ற பிள்ளைபோல வளர்க்கிறாராம். மனிதர் முகம் தொங்கிப்போயிற்று.

"லெச்சுமி மேல தப்பில்ல மாமா," என்றாள் ஷாமிலா. "பட்டி தொட்டிக்கு மேல இருக்கு, அம்புட்டுத்தான்."

9 மார்ச், ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த கையோடு மேல் லயத்துக்குப் போனேன். பட்டியைப் பிரித்துத் தொட்டிக்குக் கீழே, ஓடைக்கு எட்டாத மேட்டில் கட்டுகிறார்கள். லயமே திரண்டு தகரம் சுமக்கிறது. லெச்சுமி மட்டும் வர மாட்டேன் என்று நடுப்பாதையில் படுத்துவிட்டது.

12 மார்ச், புதன்

பழைய பட்டியிடத்தை வழித்துச் சுத்தமாக்கி, திங்கட்கிழமை காலை பீலியில் ஒரு போத்தல் பிடித்திருந்தோம். அதுவும் வீரய்யா வீட்டில்தான். இரண்டு நாளாக அடுப்பை அணையவே விடவில்லை என்று அவர் மனைவி, ஷாமிலாவின் தாயிடம் புலம்பினாராம்.

இன்று காலைக் கூட்டத்துக்கு மணி அடிக்கும்போது வந்தார். கம்பளிக்குள்ளிருந்து போத்தலை எடுத்தார். தெளிவு. வெளிச்சத்தில் பிடித்தேன், திருப்பினேன், குலுக்கினேன் — தெளிவு! நான் போட்ட சத்தத்தில் அதிபர் ஓடிவந்தார். பிள்ளைகள் ஷாமிலாவைத் தூக்கிவிட்டார்கள்.

வீரய்யா மட்டும் போத்தலையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப வெயில் காலம் டீச்சர். மழ பேஞ்சா எப்புடியிருக்கும்னு தெரியாதே. இன்னொரு போத்தல் குடுங்க."

ஒன்றுதான் மிச்சமிருந்தது. கொடுத்துவிட்டேன்.