கடைமடைக்கு ஒரு நன்றி பேனர்

ஜனவரி 19

கவாயன் கிராமத்து மக்களுக்கும், எருமைகளுக்கும், வாத்துகளுக்கும் பணிவுடன் தெரிவிப்பது: இன்று காலை ஏழு மணிக்கு சாந்திங்கின் வயலில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சுகமாகப் பிறந்தது. உயரம் ஒரு முழம். உடம்பெல்லாம் ஓட்டை. தகப்பனார் சாந்திங், அதாவது என் அப்பா, நலம். பிரசவம் பார்த்தவர் வேளாண்மை அலுவலகத்து ஆத்தே டெசா, அதாவது டெசா அக்கா.

குழாயைச் சேற்றில் பாதி புதைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்க வேண்டுமாம். தண்ணீர் மண்ணுக்குக் கீழே ஒரு சாண் இறங்கும்வரை வயலைக் காயவிட வேண்டுமாம், பிறகு பாய்ச்ச வேண்டுமாம். எந்நேரமும் தண்ணீர் தேங்கி நின்றால் அடிச்சேறு அழுகி மீத்தேன் விடுகிறது, அதில் பூமியே சூடாகிறது என்றார் ஆத்தே டெசா.

"அப்ப எங்க வயல் குசு விடுதுன்னு சொல்றீங்க."

"அறிவியல்படி... ஆமாடா ஓன்யோக்."

அப்பா சிரிக்கவில்லை. "எறங்க விடறேன்மா. எறங்கின தண்ணிய மறுபடி யாரு ஏத்துவா?"

ஜனவரி 24

அப்பாவின் கேள்விக்கு ஆத்தே டெசா பதிலோடு வந்தார். பம்பு! கடைமடையில் இருக்கும் பன்னிரண்டு குடும்பமும் திட்டத்தில் சேர்ந்தால், ஓடையிலிருந்து இறைக்க ஒரு பம்பு தருவார்கள். கதிர் வருமுன் வந்துவிடும். தேவை ஒரே ஒரு கையெழுத்து: 'இவர்களுக்கு வாய்க்கால் தண்ணீர் முறைப்படி வருவதில்லை' என்று பாசன அலுவலகம் எழுதித் தர வேண்டும்.

ஒரே ஒரு கையெழுத்து. அப்பா இரண்டு தட்டு பூண்டுச்சோறு சாப்பிட்டார்.

பிப்ரவரி 3

அப்பாவோடு பாசன அலுவலகம். பொறியாளர் நல்ல மனிதர், காப்பி கொடுத்தார். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பத்து நாளைக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 'கடைமடை: நீர் சென்றது'. எல்லாம் மடைக்காரர் மாங் இக்மேயின், அதாவது இக்மே மாமாவின், கோழிக் கிறுக்கல்.

"வந்த தண்ணிய வரலைன்னு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

"ஒரு தடவ நேர்ல வந்து பாருங்க சார்" என்றார் அப்பா.

"பாக்கறது மடைக்காரர் வேலை. அவர் பார்த்ததைப் பாக்கறதுதான் என் வேலை."

மேல்மடைக்கு வெள்ளம், கடைமடைக்கு விவரம்.

பிப்ரவரி 4

மாங் இக்மேயை மதகடியில் மடக்கினேன். "மாங், எங்க வயலுக்குப் போன தண்ணி வழியில எங்கயாவது கல்யாணம் பண்ணிக்கிட்டுத் தங்கிடுச்சா?"

அவர் கோபப்படவில்லை. நோட்டை நீட்டினார். "நீயே பாரு. தேதி, மடை எண், நீர் சென்றது, கையெழுத்து. நாலு கட்டம். போகலைன்னு எழுதறதுக்குக் கட்டமே இல்லடா. ஒரு தடவ ஓரத்துல எழுதினேன். என்னோட அடுத்த ஆறு மாச வேலை ஒப்பந்தம் ரெண்டு மாசம் தள்ளி வந்துச்சு."

"அதனால?"

"அதனால இருக்கற கட்டத்துல எழுதறேன்."

பிப்ரவரி 9

தண்ணீர் வந்தது! அப்பா வரப்பு விளிம்புவரை கட்டிவிட்டார். குழாய் மூழ்கிப் போயிற்று. நீர்ச்சமாதி.

மாலையில் வந்து பார்த்த ஆத்தே டெசாவின் முகம் சுருங்கியது.

"இப்படிக் கட்டினா குழாய் எதுக்கு அங்க்கிள்?"

"அடுத்தது எப்ப வரும்னு சொல்லும்மா, இப்பவே தெறந்து விடறேன்."

ஆத்தே டெசா குறிப்பேட்டைத் திறந்தார், எதுவும் எழுதாமல் மூடினார்.

பிப்ரவரி 22

வரலாறு இந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளட்டும்.

எங்கள் பக்கத்தில் எதற்கும் பேனர் உண்டு. ஒருத்தி பரீட்சையில் தேறினால் பேனர். தெருவில் குழி மூடினால், மூடியவர் படத்தோடு நன்றி பேனர். அப்படியிருக்கத் தண்ணீருக்கு மட்டும் ஏன் இல்லை? பிரிண்டிங் கடைக்காரர் மகன் புகோய் என் நண்பன். பொறியாளர் படத்தை அலுவலகத்து இணையப் பக்கத்திலிருந்து எடுத்தோம். யாருடைய பட்டமளிப்பு பேனரோ மிச்சம் கிடந்தது, அதன் முதுகில் அடித்தோம்:

'பத்து நாளுக்கொரு முறை தவறாது நீர் தந்து எங்கள் வயல்களைக் கடலாக்கிய பொறியாளர் அவர்களுக்குக் கடைமடை விவசாயிகளின் கண்ணீர் கலந்த நன்றி!'

விடியுமுன் வாய்க்கால் மேலேயே கட்டினோம். மேலே பொறியாளரின் சிரிப்பு. கீழே வெடித்த வாய்க்காலில் மேய்கிற ஆடு. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. கலைஞன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. மேதைகளின் விதி அது.

பிப்ரவரி 25

அவரே வந்தார்! வண்டியை நிறுத்தி இறங்கி, பேனரை இரண்டு முறை படித்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஓட்டுநர் மூன்று படம் எடுத்தார். எல்லாம் மார்புக்கு மேலே. வாய்க்கால் விழவில்லை, ஆடும் விழவில்லை.

நான் வாழைமரத்துக்குப் பின்னால் துண்டை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன். அப்போது ஓட்டுநரிடம் அவர் சொன்னது கேட்டது: "இருபத்திரண்டு வருஷத்துல நன்றின்னு ஒருத்தரும் சொன்னதில்லப்பா."

கண்ணைத் துடைத்தாரா, வியர்வையா? தெரியவில்லை. வியர்வைதான்.

மார்ச் 2

தண்ணீர் இல்லை. ஆடு கொழுத்திருக்கிறது.

மார்ச் 13

ஆத்தே டெசா கடிதத்தோடு வந்தார். பன்னிரண்டு குடும்பமும் எங்கள் வாசலில். பம்பு கிடையாது. பாசன அலுவலகத்தின் பதிலை அவரே படித்தார்: 'பயனாளிகள் தாமாகவே நன்றி தெரிவித்துள்ள நிலையில், நீர் வரவில்லை என்ற கோரிக்கையை ஏற்க இடமில்லை. சான்று இணைக்கப்பட்டுள்ளது.'

சான்று — என் பேனர். கலர்ப் படம்.

"யாரு கட்டினது?" என்றார் அப்பா. எல்லோரும் மாங் இக்மே பக்கம் திரும்பினார்கள். ஒப்பந்தம் நிலைக்க அவர்தான் பொறியாளருக்குச் சோப்புப் போட்டிருப்பார் என்று.

"இக்மே, உனக்கு ஆறு மாச வேலை. எங்களுக்குப் பதரு. அப்படித்தானே?" என்றார் அப்பா.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான்? வாயத் தொறக்கல. எல்லாத்துக்கும் வாய் உண்டு எனக்கு, இதுக்கு இல்ல. பூ வர்ற நேரம். பம்பு போச்சு. என்னாலதான் போச்சு.

மார்ச் 14

என் பங்கு பூண்டுச்சோற்றை வாத்துகளுக்குப் போட்டுவிட்டேன்.

மார்ச் 16

பூசை முடிந்து எல்லோரும் மாதா கோவில் முற்றத்தில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். "பேனர் நான் கட்டினது. கிண்டலுக்கு."

அப்பா அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. அதுதான் வலித்தது.

கடைசியில் மாங் இக்மேதான் பேசினார். "நீயா? நான் பொறியாளரே தனக்குத்தானே பேனர் அடிச்சுக் கட்டிக்கிட்டாரோன்னு நெனச்சேன்." ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூன்று நாளாக அவருக்குக் கடையில் யாரும் முகம் கொடுக்கவில்லையாம். அதைச் சொல்லிவிட்டு, பையிலிருந்த பன்தெசால் ரொட்டியைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தார்.

ஏப்ரல் 5

அறுவடை. ஐந்து பாத்தியில் இரண்டில் நெல். மற்ற மூன்றில் தூற்றும்போது எல்லாம் பறந்தது.

ஏப்ரல் 9

அடுத்த பருவத்துக்கான பம்புப் பட்டியல் இந்த மாதம் மூடுகிறதாம். ஆனால் கோப்பில் என் நன்றி உட்கார்ந்திருக்கிறது. அதை எடுக்க ஒரே வழி, நன்றி பொய் என்று நானே சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் தருவது. ஆத்தே டெசா அழைத்துப் போனார். அப்பா வந்தார். கூப்பிடாமலே மாங் இக்மேயும் வந்தார்.

நோட்டரி வக்கீல் தட்டச்சில் குத்திக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தப் பொறியாளரின் நெஞ்சில் வைத்த கைதான் நினைவுக்கு வந்தது. இந்தத் தாள் அவர் மேசைக்குத்தானே போகும்.

சாட்சி முறை வந்தது. மாங் இக்மே ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "இந்தப் பருவத்தில் எட்டு முறையில் ஆறு முறை கடைமடைக்குத் தண்ணீர் செல்லவில்லை. சென்றதாக எழுதியது நான்."

"ஜூன்ல ஒப்பந்தம் முடியுதுல்ல இக்மே?" என்றார் அப்பா மெதுவாக.

"இதுல கட்டம் இல்ல சாந்திங். எழுத எடம் இருக்கு." கையெழுத்துப் போட்டார்.

வக்கீல் என் பக்கம் திரும்பினார். "பேனர் வேடிக்கைக்குன்னு சொல்றே. அப்ப ஊர்ல எத்தனை பேரு சிரிச்சாங்க? எண்ணிக்கை போடணும். சத்தியம், ஞாபகம் இருக்கட்டும்."

வலது கையைத் தூக்கியபடி 'ஊரே' என்று தொடங்கினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரு சார்."

"யார் யாரு?"

"நானும் புகோயும்."

தட்டச்சு ஓடியது. நின்றது. கையைக் கீழே இறக்க முடியவில்லை.

"சார்... நான் வெளக்கிச் சொன்ன பெறகுதான் புகோய் சிரிச்சான். அதையும் போடணுமா?"