மூன்றாவது பாட்டுக்கு எதிரே ஒரு பெயர்

நான் பேச மறுத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. என்னிடம் யாரும் முறையாகக் கேட்கவே இல்லை. பழைய இசைத்தட்டு சேகரிப்பவர்கள் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்துகிறார்கள். அதில் ஒருவர், "குழுத் தலைவரின் மனைவி மலாக்கா தஞ்சோங் கிளிங்கில் தனியாக இருக்கிறார், துக்கத்தில் யாரோடும் பேசுவதில்லை" என்று போட, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். என் கணவர் போய்ப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. நான் பாசாருக்குப் போகிறேன், மீன்காரரோடு சண்டை போடுகிறேன். என் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நீங்களும் என் கணவரும் சேர்ந்து போட்ட இசைத்தட்டு ஒரே ஒரு முறைதான் வெளிவந்தது என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதுவும் தவறு. மூன்று முறை வந்தது. இப்போது வரப்போவது நான்காவது.

நேற்றுக் காலை கோலாலம்பூரிலிருந்து ஒரு தட்டையான அட்டைப்பெட்டி வந்தது. மறுபடி வெளியிடப்போகிறவர்கள் அனுப்பிய மாதிரித் தட்டு. நடுவில் வெறும் வெள்ளைத் தாள், ஓர் எழுத்துகூட இல்லை. உறையிலிருந்து உருவியதும் அந்த வாசனை வந்தது. சிங்கப்பூரிலிருந்து முதல் இசைத்தட்டுக் கட்டை மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்தீர்கள். இறங்கியதும் ஒன்றை உருவி என் மூக்குக்கு நேரே நீட்டினீர்கள். "மோந்து பாருங்க மிஸ், புதுச் செருப்பு மாதிரி இல்ல?" நான் முகத்தைச் சுளித்தேன். "கான்வென்ட்ல சிரிக்க மட்டும் சொல்லித் தரல போல லா," என்றீர்கள். என் கணவர், அப்போது இன்னும் கணவர் இல்லை, பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

பெட்டிக்குள் ஒரு படிவமும் இருக்கிறது. நான்கு பாட்டுகள், எதிரே நான்கு கட்டங்கள், இயற்றியவர் பெயர். நான்கிலும் என் கணவர் பெயரை அவர்களே அச்சடித்துவிட்டார்கள். அடியில் அவருடைய வாரிசாக நான் கையெழுத்திட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். மூன்றாவது பாட்டு உங்களுடையது. அது தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவள் நான் ஒருத்தி. நேற்றிலிருந்து பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியவில்லை. மாவைக் கரைத்து வைத்துவிட்டு மறந்தேன். வாசல் கதவைப் பூட்டினேனா என்று மூன்று தரம் போய்ப் பார்த்தேன். இந்த மடலையே இரண்டு முறை கிழித்துப் போட்டு எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும்.

லூபோக் சீனாவுக்கு அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டத்து மண்டபத்தில் நீங்கள் இருவரும் பாடிப் பழகினீர்கள். என் கணவர் அந்தத் தோட்டத்துப் பிள்ளை, பால்மரம் வெட்டியவர்களின் மகன். நீங்கள் டவுனில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். ஜவுளி எடுத்து வருவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கித்தாரைக் கோணிப்பையில் சுற்றி பஸ் ஏறி வருவீர்கள். நான் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். அதனால் இசைத்தட்டு கம்பெனி கேட்ட தாள்களெல்லாம் என்னிடம் வந்தன. லேபிளில் என்ன அச்சாக வேண்டுமோ அதை டைப் அடித்து அனுப்புவது என் வேலை.

முதல் வெளியீட்டில் உங்கள் பெயர் வேண்டாம் என்றது நீங்கள்தான். இதையும் அந்தப் பக்கத்தில் தப்பாக எழுதியிருக்கிறார்கள், உங்களை ஒதுக்கினார்கள் என்று. "அத்தா பார்த்தா கடைக்குள்ளயே விட மாட்டாரு மிஸ். பள்ளிவாசல்ல வேற கேப்பாங்க. எல்லாத்துக்கும் இவன் பேரையே போடுங்க லா." நான் முதல் பாட்டுக்கு எதிரே அவர் பெயரை அடித்தேன். மற்ற மூன்றுக்கும் கீழே மேற்படிக் குறி போட்டேன். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அந்தத் தட்டை என் அப்பாவிடம் காட்டியதை நான் உங்களிடம் சொன்னதில்லை. தோட்டத்துப் பையனா என்று ஒரு வருடமாக என்னோடு பேசாதிருந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைச் சுற்றிச் சுற்றி வாசித்தார். "நாலும் அவனே போட்டதா?" என்றார். "நாலும் அவர்தான்பா," என்றேன். "பரவால்ல. மண்டையில ஏதோ இருக்கு," என்றார். அடுத்த தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. தட்டு அப்பாவின் கண்ணாடி அலமாரிக்குள் போனது. வருகிறவர்களுக்கெல்லாம் அதை எடுத்துக் காட்டினார்.

இரண்டாவது வெளியீடு இரண்டு வருடம் கழித்து. வானொலியில் அடிக்கடி ஒலித்தது மூன்றாவது பாட்டுத்தான், தோட்டத்துக்குத் திரும்பும் கடைசி பஸ்ஸைப் பற்றி நீங்கள் போட்டது. மலாக்கா டவுனில் இசைத்தட்டு விற்ற ஒருவர் உரிமையை வாங்கி, அதையே முதல் பாட்டாக வைத்து, கலர் உறை போட்டு வெளியிட முன்வந்தார். அப்போது உங்கள் அத்தா இறந்து ஆறு மாதம். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உட்காரக்கூட இல்லை. "இப்ப திட்ட ஆள் இல்ல மிஸ். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் என் பேரப் போட்டுடுங்க," என்று சொல்லி, சாமான் மடிக்கும் தாளில் எழுதிக் கொடுத்தீர்கள். உங்கள் பெயர், அதன் பின்னால் உங்கள் அத்தாவின் பெயர். அந்தச் சீட்டை இந்த மடலோடு வைத்திருக்கிறேன்.

நான் இரண்டு தாள்கள் அடித்தேன். ஒன்றில் உங்கள் பெயர் இருந்தது. மற்றதில் பழையபடி மேற்படிக் குறி. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் அப்பா லேபிள் வாசிக்கிற மனிதர். பழைய தட்டுக்கு அருகில் புதியதை வைத்ததும் பார்த்துவிடுவார். வானொலியில் வரும் பாட்டே மாப்பிள்ளையுடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். நான் பொய் சொன்னதும் தெரிந்துவிடும். இரண்டாவது தாளைத்தான் தபாலில் போட்டேன். "பாய் சொன்னத மாத்திட்டியாம்மா?" என்று என் கணவர் கேட்டபோது, "அனுப்பியாச்சு," என்றேன். அனுப்பியது உண்மைதானே. கன்னியாஸ்திரிகளிடம் படித்தவளுக்கு இப்படிப் பேசவா சொல்லித் தரவேண்டும்?

புதுத் தட்டு வந்த அன்று நீங்கள் அதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தீர்கள். அவர் கொதித்தார். "என்னா பாய் இது! இப்பவே போன் போட்டு கிழிக்கிறேன் அவன." நீங்கள்தான் அவர் கையைப் பிடித்தீர்கள். "விடு லா. மிஸ் டைப்புல தப்பு வராது. கம்பெனிக்காரன்தான் எங்கயோ தூங்கிட்டான்." சொல்லும்போது நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, டீ கிளாஸைப் பார்த்தீர்கள்.

மூன்றாவதாக வந்தது கேசட். வேறு குழுக்களின் பாட்டுகளோடு சேர்த்துப் போட்டு, யார் பெயருமே இல்லாமல் விட்டார்கள். அதைப் பார்த்து நான் நிம்மதிப்பட்டேன். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தடை ஏது? என் கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டே அவரும் போனார். நீங்கள் ஹஜ்ஜுக்குப் போய் வந்தீர்கள், கித்தாரை யாருக்கோ கொடுத்தீர்கள், கடையைக் கவனித்தீர்கள். வழியில் பார்த்தால், "மிஸ், நல்லா இருக்கீங்களா?" என்பீர்கள். அவ்வளவுதான். சென்ற வருடம் உங்களை அடக்கத்துக்கு எடுத்த அன்று உங்கள் வீட்டு வேலிக்கு வெளியே, பெண்கள் நின்ற பக்கம் நானும் நின்றேன். உங்கள் மகள் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். நான் உட்காரவில்லை.

இன்று காலை படிவம் அனுப்பிய கோலாலம்பூர்க்காரியை அழைத்தேன். நாற்பது வயதிருக்கும், கெட்டிக்காரி. படிவத்தில் தவறு இருக்கிறது என்றேன்.

"ஆன்ட்டி, பழைய லேபிள்ள அப்படித்தானே இருக்கு?"

"பழைய லேபிள் தவறு. அதை அடித்தது நான்."

"பிரிண்டர் வெயிட் பண்றான் ஆன்ட்டி. அம்பது வருசத்து மிஸ்டேக், யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன்," என்றேன். "வெள்ளிக்கிழமை முடியாது. எனக்கு ஒரு பதில் வர வேண்டியிருக்கிறது. வந்த பிறகுதான் கையெழுத்து."

பெருமூச்சு விட்டாள். இரண்டு வாரம் தந்திருக்கிறாள்.

உங்கள் பெயரை நானே எழுதி அனுப்பிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கித்தாரைக் கொடுத்துவிட்ட ஹாஜியாருக்கு அந்தப் பெயர் அங்கே வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை உங்களைக் கேட்காமல் முடிவு செய்தேன். மறுபடியும் அதைச் செய்ய மாட்டேன். டைப்பில் தப்பு வராது என்றீர்களே, தெரிந்துதான் சொன்னீர்களா? பாராட்டா, மன்னிப்பா, குத்தலா? ஐம்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். எந்தப் பக்கமும் அது என்னை உறங்க விடுவதில்லை.

இதை எழுதுவது உங்களுக்கு. தபாலில் சேர்ப்பது டுரியான் துங்காலில் இருக்கும் உங்கள் மகளுக்கு.

மகளே, இதுவரை வாசித்திருந்தால் உன் அத்தாவிடம் நான் செய்தது உனக்குத் தெரிந்துவிட்டது. என் மேல் கோபப்படு, அது உன் உரிமை. ஆனால் மூன்றாவது பாட்டுக்கு எதிரே அவர் பெயர் வர வேண்டுமா, வேண்டாமா என்பதை உன் குடும்பத்தாரோடு பேசி முடிவு செய். போனில் சொல்லாதே, வாட்ஸ்அப்பும் வேண்டாம். ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, இரண்டு வாரத்துக்குள் எனக்கு அனுப்பு.