இறக்காமல் வைத்த யானை

ஜூன் 9, 2024, ஞாயிறு

செல்வப்பிரியாவுக்கு எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். மணிகண்டனுக்கு எர்ணாகுளத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இந்து ஜெர்மனியில் நர்ஸ்; அந்த நாட்டுப் பாஷையிலேயே பரீட்சை எழுதி ஜெயித்தவள். மூன்று பேரும் என் மகள் முருகேஸ்வரியின் பிள்ளைகள். வண்டிப்பெரியாரில், இந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில், இப்படி வேறு யார் வீட்டில் இருக்கிறது? எதிர்வீட்டு வனிதாவிடம் சொன்னேன்.

"போன வாரமும் இதத்தான சொன்னீக பெரியம்மா," என்றாள்.

சொன்னால் என்ன, பழசாகிவிடுமா?

செஸ்ஸில் இந்து இன்று குதிரையை நகர்த்தியிருக்கிறாள்.

ஜூன் 14, வெள்ளி

விசாவுக்குக் காத்திருந்த நாட்களில் இந்து எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் செஸ். இப்போது போனில் ஆடுகிறோம். ஒரு காய் நகர்த்த மூன்று நாள் அவகாசம். அவள் பேசுவது எப்போதாவதுதான். காய் மட்டும் தவறாமல் வரும். வந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

இன்று ராணியைப் பறிகொடுத்தேன். ஒரு சிப்பாயைச் சும்மா நிறுத்தியிருந்தாள், எடுத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே பேசி அனுப்பினாள்: "அம்மாச்சி, இது தேயிலக்காடு இல்ல. கண்டதெல்லாம் கிள்ளாத. எதிராளி ஏன் இத இங்க வச்சான்னு மொதல்ல கேளு."

கேட்கத்தான் நினைக்கிறேன். கொழுந்தை விட்டுப் போனால் கங்காணி திட்டுவார் என்று பழகிய கை. கண் பார்ப்பதற்கு முன்னால் போய்விடுகிறது.

ஜூலை 21, ஞாயிறு

பழைய ஆட்டம் தோற்றேன். இந்து உடனே புது ஆட்டம் அனுப்பினாள்.

ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய், பிறகு குதிரை, பிறகு மந்திரி. இப்படித் தொடங்கினால் இத்தாலியன் என்று பெயராம். முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவர வேண்டும், ராஜாவை மூலையில் பத்திரப்படுத்திய பிறகுதான் சண்டை. போனில் முகம் தெரியாதவர்களோடு ஆடிப் பழகுகிறேன்.

இன்று ஒருவன் குதிரையைச் சும்மா வைத்தான். கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எடுத்திருந்தால் என் ராணி போயிருக்கும். எடுக்கவில்லை.

இதை யாரிடம் சொல்வது? வனிதாவுக்கு ஆட்டம் தெரியாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

மழை. போனில் ரேஞ்சு இல்லை. காய் வந்ததா என்று தெரியவில்லை.

அக்டோபர் 5, சனி

இந்துவின் ராஜா மூலையில். முன்னால் அவளுடைய சிப்பாய்களே வழியை அடைத்து நிற்கிறார்கள். என் யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கினால் செக்மேட். திரும்பத் திரும்பப் பார்த்தேன், தடுக்க ஆளில்லை. அவளை நான் இதுவரை ஜெயித்ததில்லை.

ஜெயித்தால் ஆட்டம் முடியும். முடிந்தால்? இப்போதெல்லாம் அவகாசம் தீரும் நேரத்தில்தான் காய் வருகிறது. இன்னொரு ஆட்டம் அனுப்புவாளா?

என் ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

இந்து நகர்த்தவில்லை. அவகாசம் தீர்ந்து, நான் ஜெயித்துவிட்டதாகப் போன் சொல்கிறது. திரையில் கலர் காகிதமெல்லாம் பறக்கிறது.

இதுக்குப் பேரு ஜெயிப்பா? புள்ளைக்கு என்ன ஆச்சு? காய்ச்சலா? ஒரு காய் நகத்தக்கூட முடியலையா — முருகேஸ்வரியைக் கூப்பிட்டேன். "அவளுக்கு வேல இருக்கும்மா," என்கிறாள்.

அக்டோபர் 9, புதன்

இந்து கூப்பிட்டாள்.

"டியூட்டி மேல டியூட்டி. மறந்துட்டேன் அம்மாச்சி." பிறகு, "யானைய எறக்கியிருந்தா அன்னைக்கே செக்மேட்டு. நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் ராஜாவப் போயி நகத்துன?"

"ஆட்டம் முடிஞ்சிரும்ல."

"எனக்கு விட்டுக்குடுத்து ஆடாத. இன்னொருக்கா இப்பிடிச் செஞ்சா நான் ஆடவே மாட்டேன்," என்றாள்.

புது ஆட்டம் அனுப்பினாள்.

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

புதன்கிழமை வைத்துவிட்டேன். ராணியும் மந்திரியும் சேர்ந்து, செக்மேட். வழி தெரிந்ததும் வைத்தேன், தள்ளிப்போடவில்லை.

இந்து கைதட்டும் பொம்மை ஒன்று அனுப்பினாள். அதற்குப் பின் ஒன்றுமில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. புது ஆட்டம் எப்போதும் அவள்தான் அனுப்புவாள்.

இன்று நானே அனுப்பினேன். எங்கே அமுக்குவது என்று தேடிக் கண்டுபிடித்தேன். மத்தியானம் ஏற்றுக்கொண்டாள். காய் இன்னும் வரவில்லை.

அவள் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது காலேஜ் சேர்ந்தபோது எடுத்த படம். அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேசி அனுப்பினேன்:

"புதுப் போட்டோ ஒண்ணு போடு தாயி. யாரு கூட ஆடுறேன்னு பாக்கணும்."