சிவப்புப் புள்ளி வைத்த படங்கள்

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக ஒரு வரியைக்கூடத் திருத்த மாட்டேன்.

மந்தைவெளியில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவில், ஷண்முகப்ரியா அக்காவின் வடபழனி கல்யாணப் படங்களை அம்மா இன்று பிரித்து முடித்தாள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஆல்பத்துக்கு 312. தேர்ந்தெடுத்த படத்துக்குச் சிவப்புப் புள்ளி வைப்பது எங்கள் கடை வழக்கம். “பொட்டு வெச்சதுதான் ஆல்பம் ஏறும்” என்பாள்.

கடைக் கம்ப்யூட்டரில் படம் பிரிக்கும் மென்பொருளையே அம்மாவின் போனிலும் புதிதாக ஏற்றியிருக்கிறோம். ஒன்றில் செய்தால் மற்றதிலும் நடக்கும். கம்ப்யூட்டரில் இடமில்லை என்று அப்பா ஒரு வாரமாக முனகுகிறார். போனில் ‘வேண்டாதவற்றை நீக்கு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. யாரும் சொல்லாமலே அழுத்தினேன். ‘312 படங்கள் நீக்கப்படும், சரியா?’ என்றது. சரி என்றேன். அப்பா அசந்துபோவார்.

ஜூன் 16, திங்கள்

பள்ளி விட்டுக் கடைக்குப் போனால் அப்பா கத்திக்கொண்டிருக்கிறார். தாலி கட்டும் படம் இல்லை. மாலை மாற்றியது இல்லை. பொட்டு வைத்த ஒன்றுகூட இல்லை. வாசலில் கிடந்த செருப்புக் குவியல் மட்டும் நான்கு கோணத்தில் பத்திரமாக இருக்கிறது. கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று.

“கண்டதை அமுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன் சீதா!”

“நான்தான் எதையோ தொட்டுட்டேன் போல,” என்றாள் அம்மா.

புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றேன். வாயே திறக்கல. ஏன்? ஏன் திறக்கல?

ஜூன் 17

கம்ப்யூட்டரில் சிவப்பு வெறும் நிறம். நாம் கொடுப்பதுதான் அர்த்தம். போனில் சிவப்பு என்றால் வேண்டாதது. ஒரே மென்பொருள், ஒரே புள்ளி, இரண்டு அகராதி! செய்தவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவே இல்லையா?

ஆனால் 312 என்று தெளிவாகக் காட்டியதே. படித்தேனே.

ஜூன் 18, புதன்

கல்யாணப் பெண்ணின் அத்தை தேசம்மா கடைக்கு வந்தார்.

“இன்னா கருணாகரா, ஆல்பம் ரெடியாச்சா? பொண்ணு இருபத்தஞ்சாந் தேதி மஸ்கட் பறக்குது.”

“ஆயிட்டிருக்குக்கா,” என்றார் அப்பா.

“கல்யாணமே அரை மணியில முடிஞ்சிது நைனா, நீ இன்னும் இழுத்துக்கினு கெடக்குற!”

அம்மா சிரிக்கப் பார்த்தாள். அவர் போனதும் அப்பா அம்மாவைக் கம்ப்யூட்டர் நாற்காலியிலிருந்து எழுப்பினார். “நீ கவுண்டரைப் பாரு, போதும்.”

ஜூன் 19

இருக்கின்றன! கம்ப்யூட்டரில் குப்பைத்தொட்டி காலி. ஆனால் போனில் நீக்கியவை போனிலேயே, அமைப்புகளுக்குள்ளே, ‘ஒதுக்கியவை’ என்ற பெயரில் கிடக்கின்றன. அங்கேயும் குப்பைத்தொட்டி என்றே பெயர் வைத்தால் என்ன குறைந்துவிடும்? ஏழு நாள்தான் வைத்திருக்குமாம். மீட்பதற்கு அப்பாவின் பாஸ்வேர்ட் கேட்கிறது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்படியானால் அப்பாவிடம் சொல்ல வேண்டும்.

சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

‘இன்னும் 1 நாள்’ என்று காட்டியது.

அம்மா கவுண்டரில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அப்பாவிடம் போனை நீட்டினேன். “அம்மா இல்லப்பா. நான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்: “அவளை நான் திட்டறப்போ நீ இங்கதானே நின்னே சிந்து?”

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்து என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்பா பாஸ்வேர்டை அடித்தார்.

ஜூன் 21, சனி

307 வந்துவிட்டன. ஐந்து திறக்கவே இல்லை; அதில் ஒன்று பெண்ணும் அவள் அப்பாவும் மட்டும் நிற்கும் படம். தேசம்மாவிடம் நானே சொல்ல வேண்டும் என்கிறார் அப்பா. சரிதான்.

“வந்து உட்காரு சீதா,” என்றார்.

“கவுண்டர்ல ஆள் இருக்கு,” என்றாள் அம்மா. யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய் உட்கார்ந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “பாஸ்வேர்ட் என்ன?” என்று கேட்டாள்.

அப்பா குனிந்து சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, கேட்க முயலவும் இல்லை.

ஏழு மணிக்கு அம்மா கடை விளக்குகளை அணைத்தாள்.