கருப்பட்டி இளைக்கிறது

1931 மார்ச் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு இல்லை. மருந்துக் கொட்டகையில் ஏழு பேர், எல்லாம் காய்ச்சல்.

பூனை கருப்பட்டி பத்து மணிக்குள் இரண்டு வாந்தி. குழந்தைகளை நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஆறு ராத்தல். ஈஸ்டருக்கு முந்திய தபசு விரதம் தொடங்கிய புதன்கிழமை ஏழு. முதுகெலும்பு கையில் தட்டுகிறது.

பிரசவத்துக்குச் சிங்கப்பூர் போன என் மனைவி அன்னம்மாளிடமிருந்து கடிதம். குழந்தை சுகம், பால் நன்றாகக் குடிக்கிறாள். பிறகு: “கருப்பட்டி சாப்பிடுதா?” நான் சாப்பிடுகிறேனா என்று ஒரு வரி இல்லை. பத்து வருஷம் பிள்ளையில்லாமல் அதைத்தான் மடியில் வைத்து வளர்த்தாள். ஈஸ்டர் திங்களன்று மகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம் பூனை செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது.

இன்று முதல் கருப்பட்டிக்குப் பத்தியம்: உப்பில்லாக் கஞ்சி, பார்லித் தண்ணீர், வாந்தி நிற்க பிஸ்மத் தூள் ஒரு சிட்டிகை.

மார்ச் 11, புதன்

மறுபடி வாந்தி. பார்லியைத் தொடவில்லை. நான் விரதத்துக்காக விட்ட பாலை மட்டும் நக்கித் தீர்த்தது. தபசு முடியும்வரை எனக்குக் கடுங்காப்பிதான். காப்பிக்கு ஊற்றும் டின் பால் காலையில் அதன் தட்டுக்கு. விட்டதை ஒரு பசித்த வாய்க்குக் கொடுக்கவேண்டும் என்று கோயில் சாமியார் சொல்லியிருக்கிறார்.

முனியம்மா (கொட்டகையில் கூட்டி, நோயாளிகளுக்குக் கஞ்சி தண்ணீர் கொடுப்பவள், அன்னம்மாள் போனதிலிருந்து என் சமையலும்) தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பாலை நிறுத்திப் பாருங்கய்யா. அதுக்கு ஒத்துக்கலை.”

யாருக்கு ஒத்துக்கொள்ளுமாம்? டின் மீது அவளுக்கு ஒரு கண். பதினெட்டு வருஷம் டிரசராக மருந்து கலக்கும் எனக்கு இவள் வைத்தியம் சொல்கிறாள்.

மார்ச் 13, வெள்ளி

வெயில். ஐந்தே முக்கால் ராத்தல்.

கஞ்சியை விட்டுக் கூவைக்கிழங்கு மாவுக் கூழ். அதுவும் வெளியே வந்தது.

ஒன்று நினைவுக்கு வந்தது. போன மாதம் காயவைத்த கருவாட்டைக் கருப்பட்டி இழுத்துப் போனபோது முனியம்மா கத்தினாள்: “இரு இரு, ஒரு நாளைக்கு உன்னைப் பாத்துக்கறேன்!” அப்போது சிரித்தேன்.

மார்ச் 16, திங்கள்

பிடித்துவிட்டேன். மூன்று ஞாயிறாகக் குறித்துவைத்ததைப் பார்த்தேன். ஞாயிறு மட்டும் வாந்தியே இல்லை! ஞாயிறு பூசை முடிந்ததும் நாள் முழுக்க நான் வீட்டில். தபசு விரதமும் கிடையாது; பால் காப்பியோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்க்கிறேன். என் கண்ணெதிரே முனியம்மாவால் எதுவும் செய்ய முடியாது. திங்கள் நான் கொட்டகைக்குப் போனதும் ஆரம்பம்.

வீட்டுப் பக்கம் வராதே என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே சாட்சி.

மார்ச் 19, வியாழன்

அவள் வராமலே வாந்தி. ஆக, வெளியிலிருந்து வைக்கிறாள்.

மத்தியானம் பின்படிக்கட்டில் வாழையிலைப் பொட்டலம். உள்ளே வேகவைத்த மீன், முள் எடுத்தது. உப்பு இல்லை, மஞ்சள் இல்லை. யார் இப்படி மீன் சமைப்பார்கள்? பாதியைக் கோழிக்குப் போட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

கோழி சாகவில்லை. மெதுவாகக் கொல்லும் விஷமாக இருக்கும்.

தோட்ட ஆபீசில் பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டேன். ரப்பர் விலை விழுந்ததில் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பலேற்றப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். “டிரசர் சொன்னா சரிதான். வெஷம் வெக்கிறவளைக் கொட்டகையிலே வெச்சிருக்கலாமா?” என்று பேனாவை நனைத்து அவள் பெயரையும் எழுதினார். நான் எழுதச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

ஐந்தரை. எழுந்து நிற்கவே யோசிக்கிறது. பொட்டலம் தினமும் வருகிறது. தினமும் புதைக்கிறேன்.

மார்ச் 28, சனி

நான்கு நாளாகக் கொட்டும் மழை. ரெங்கம் ஊருக்குப் போகும் பாதை சேறு. சாமான் லாரி வரவில்லை. கடையில் டின் பால் தீர்ந்து புதனிலிருந்து இல்லை. கருப்பட்டிக்குக் கூழ் மட்டும். வாந்தி இல்லை. மழையில் அவளும் வரமுடியவில்லை போலும்.

மார்ச் 30, திங்கள்

ஆறு நாளாக வாந்தி இல்லை. ஆறு ராத்தல்.

ஆனால் காலையில் பின்படிக்கட்டில் பொட்டலம் இருந்தது. புதைக்கப் போனேன். அதற்குள் கருப்பட்டி பாய்ந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. மாலைவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. முகம் கழுவிக்கொண்டது.

மார்ச் 31, செவ்வாய்

லாரி வந்துவிட்டது. டின் வாங்கி இரண்டு கரண்டி ஊற்றினேன், வேண்டுமென்றே. ஒரு மணி நேரத்தில் வாந்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பால் என் காப்பிக்குப் போயிற்று. அவ்வளவுதான் விஷயம்.

மீதி டின்னைக் கொட்டினேன்.

ஏப்ரல் 1, புதன்

பெரிய கிராணியிடம் ஓடினேன். நாளைக் காலை பட்டியலில் உள்ளவர்களை ஏற்றிப்போக லாரி. தோட்டத் துரையிடம் நானே சொன்னால் பெயரை அடிக்கலாமாம். சொன்னேன். பூனைக்குப் பால் கொடுத்தது நான்தான் என்று துரை முன்னால் நின்று சொன்னேன். சிரித்துவிட்டுப் பெயரை அடித்தார்.

கூலியாட்கள் லயத்துக்குப் போனேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் பேரை எடுத்தாச்சு முனியம்மா. நீ போகவேணாம்.”

“இல்லீங்கய்யா, போறேன்.”

“நான்தான் தப்புப் பண்ணேன். எல்லார்கிட்டயும் சொல்றேன்.”

“நீங்க சொல்லுவீங்க. வெஷம் வெக்கிறவன்னு பேரு ஆயிடுச்சு. நாளைக்கு என் கையால எந்தக் காய்ச்சக்காரங்க தண்ணி வாங்கிக் குடிப்பாங்க?”

மூட்டையை இறுக்கிக் கட்டினாள். அவளே கேட்டாள்: “பூனை மீன் திங்குதுங்களா? முள்ளு பாத்து எடுங்க.”

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

ஆறு மணிக்கு லாரி. தூறல். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, சனி

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பரிகாரமாக ஐம்பத்து மூன்று மணிச் செபம் கொடுத்தார். போதாது.

கருப்பட்டி ஆறரை ராத்தல்.

அன்னம்மாள் கடிதம். திங்கள் வண்டிக்கு வருகிறாள். “எனக்குக் குழந்தையைக் குளிப்பாட்டக்கூடத் தெரியலை. முனியம்மா இருக்கிற தைரியத்துலதான் கெளம்புறேன். வெந்நீர் போட்டு வைக்கச் சொல்லுங்க.”