வேட்டை லைசென்ஸ்

ஜூன் 14, சனி

மாடி மோட்டார் மறுபடியும் ரிப்பேர். லிண்டாம்மா காலையிலேயே காலி வாளியோடு இறங்கி வந்து, "சரோஜாம்மா, தண்ணி இல்லை, குளியல் இல்லை" என்று ராகம் போட்டார். அமெரிக்காவை விட்டு வந்து எங்கள் மாடியிலேயே வருஷக்கணக்காகக் குடியிருக்கிறவர். தினமும் ரமணாசிரமத்தில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வருகிறார். தண்ணீர் நின்றால் மட்டும் அந்த அமைதியெல்லாம் எங்கே போகிறதோ.

கவிநிலா பேசினாள். டெக்சஸ் வெயில் திருவண்ணாமலை வெயிலையே தோற்கடிக்கிறதாம். சாம்பார் பொடி தீர்ந்துவிட்டதாம். பேச்சோடு பேச்சாக, "அம்மா, அவர் துப்பாக்கி வாங்கியிருக்கார்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மாசியில் கல்யாணம் ஆன பெண். வளையல் வாங்கிக் கொடுத்தார், டிவி வாங்கினார் என்றால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். துப்பாக்கி வாங்கினார் என்றால் என்ன சொல்வது? "அப்படியா, பத்திரம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். "அங்க ஊட்டுக்கு ஊடு வெச்சிருப்பாங்க சரோ. நம்ம ஊர்ல மிக்ஸி மாதிரி" என்றார். கரண்டு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். கம்பத்தில் தீப்பொறி பறந்தாலும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

ஜூன் 15, ஞாயிறு

கோழி அறுத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிற பிள்ளை, எங்கள் மாப்பிள்ளை செழியன். மறுவீட்டு விருந்தில் நானே பார்த்தேன். அவருக்கு எதற்குத் துப்பாக்கி?

ஜூன் 19, வியாழன்

யாருக்கோ கேட்பதுபோல் லிண்டாம்மாவிடம் கேட்டேன். வேலை விசாவில் போன வெளியூர்க்காரன் அங்கே துப்பாக்கி வாங்க முடியுமா? முடியாது என்று சொல்லிவிட்டால், கவி ஏதோ விளையாடினாள் என்று விட்டுவிடலாமே.

"வேட்டை லைசென்ஸ் எடுத்தா வாங்கலாம்" என்றார். அதைக் கம்ப்யூட்டரிலேயே எடுத்துவிடலாமாம். அப்புறம் கடையில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். கடைக்காரர் அரசாங்கத்தைக் கேட்பார். ஆள் மேல் கேஸ் இருக்கிறதா, கோர்ட்டே உத்தரவு போட்டு மனநோய்க்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஒருவன் தானாகப் போய் வைத்தியம் பார்த்துக்கொண்டது அந்தக் கணக்கில் வராதாம். வேறு நாட்டில் பார்த்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாதாம்.

அதெல்லாம் எனக்கு எதற்கு? மாப்பிள்ளைக்கு நோயா நொடியா. ஆனால் லிண்டாம்மா என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

ஜூன் 23, திங்கள்

கவி காலையில் கூப்பிட்டாள். அங்கே இரவு. துணி துவைக்கிற அறைக்கு வந்து பேசுகிறேன் என்றாள். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

செழியன் ஆபீசுக்குப் போவதில்லையாம். வீட்டிலிருந்தே வேலை என்கிறாராம், ஆனால் வேலையும் பார்ப்பதில்லை. கீழ்வீட்டுக்காரன் தன்னை வேவு பார்க்கிறானாம். லேப்டாப் கேமராவில் டேப் ஒட்டிவிட்டார். கவியின் போனை வாங்கி வாங்கிப் பார்க்கிறார். வாசற்கதவைப் பார்த்தபடி நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாராம். மடியில் அது.

"உன்னை ஏதாவது பண்ணாரா?" என்றேன்.

"இல்லம்மா. என்னைக் காப்பாத்தத்தான் உக்காந்திருக்கேங்கறார்."

அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. அவர் முன்னாடி இதைப் பத்திக் கேக்காத. ஸ்பீக்கர்ல போடச் சொல்றார்" என்றாள். மெஷின் நின்றது. போனும் நின்றது.

ஜூன் 24, செவ்வாய்

கூப்பிட முடியவில்லை. கூப்பிட்டால் ஸ்பீக்கர். கூப்பிடாவிட்டால் — என்ன ஆச்சு அந்தப் பொண்ணுக்கு, இன்னா பண்ணிக்கினு இருக்கா, ஒண்ணும் தெரியாம நான் இங்க இட்லிக்கு மாவு அரைச்சிக்கினு இருக்கேன். அவ குளிக்கப் போய்ட்டு வரும்போது கீழ்வீட்டுக்காரன்னு நெனச்சுட்டார்னா?

இவர் இன்று டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஜூன் 27, வெள்ளி

அடி அண்ணாமலைக்குப் போனேன், மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்க்க. கிரிவலப் பாதையில் கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்கிற சின்னக் கடை. கணவர் போன பிறகு அதை வைத்தே மகனைப் படிக்க வைத்தவர் பொன்னி. அதற்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். மாப்பிள்ளை ஆபீஸ் போறதில்லையாம், தூங்கறதில்லையாம், யாரோ பார்க்கறாங்கன்னு சொல்றாராம்.

பொன்னி கற்பூரப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "மாத்திரைய நிறுத்திட்டானா?" என்றார்.

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா மாத்திரை?"

பொன்னி பொட்டலத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"இன்னா மாத்திரைன்னு கேக்கறேன்!" ரோட்டில் போனவர்கள் நின்று திரும்பினார்கள். நிற்கட்டும்.

காலேஜ் மூன்றாம் வருஷமாம். ஹாஸ்டல் சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சாப்பிடாமல் கிடந்தாராம். வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து பார்த்திருக்கிறார்கள். மாத்திரையில் நன்றாகிவிட்டார். படித்தார், வேலைக்குப் போனார், அமெரிக்காவுக்கும் போனார். எல்லாம் மாத்திரையோடு. யாராவது ஊருக்கு வந்தால் பொடி டப்பாக்களோடு மாத்திரையும் போகும். கல்யாணத்துக்குப் பிறகு அவரே, "இனிமே அனுப்பாதம்மா, கவி பார்த்துட்டு இன்னான்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றாராம்.

"கல்யாணம் ஆச்சு, எல்லாம் சரியாய்டும்னு நானும் உட்டுட்டேன் சம்பந்தி" என்று அழுதார். நான் அழவில்லை. நாசமாப் போச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

துப்பாக்கி விஷயத்தைச் சொன்னபோது அவர் உட்கார்ந்த விதம் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஜூன் 28, சனி

பெண் கொடுப்பதற்கு முன் நாங்கள் விசாரிக்காமலா இருந்தோம்? தெருவில் கேட்டோம், படித்த பள்ளிக்கூடத்தில் கேட்டோம், இவருடைய சித்தப்பா மகன் போய் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டார். தங்கமான பையன், குடி கிடையாது, பீடி கிடையாது. துப்பாக்கிக் கடைக்காரர் அரசாங்கத்தைக் கேட்டார், நாங்கள் அடி அண்ணாமலையைக் கேட்டோம். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது. எவ்வளவு பெரிய ஏமாளி நான்.

ஜூலை 1, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. இன்னும் இரண்டு வாரத்தில் ஆடி பிறக்கிறது. அவர்களுக்குத் தலை ஆடி. கல்யாணமாகி முதல் ஆடிக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பது நம் பக்கத்து வழக்கம். யாருக்கும் சந்தேகம் வராது. அமெரிக்காவில் இருக்கிறவர்களை யாரும் இதற்கெல்லாம் அழைப்பதில்லை, கவியே கல்யாணத்தின்போது கிண்டல் செய்தாள். இப்போது நான் அழைக்கப் போகிறேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆனால் மாமியார் சொல்ல வேண்டும். போனில் பொன்னியிடம் கேட்டேன். சண்டைக்குப் பிறகு முதல் பேச்சு. "நான் சொல்றேன்" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

பொன்னியும் நானும் சேர்ந்து உட்கார்ந்து மாப்பிள்ளையிடம் போனில் பேசினோம். அவர்தான் ஆரம்பித்தார். "தலை ஆடிடா செழியா. மருமவ அங்க இருந்தா நல்லா இருக்காது. அனுப்பி வை."

மறுப்பார், கேள்வி கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்துவைத்திருந்தேன்.

"அனுப்பறேன்மா" என்றார். "கவி அங்க இருக்கறதுதான் நல்லது. இங்க சரியில்ல."

பொன்னி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. ஊர் முழுக்க ஜனம், ஆட்டோ, அன்னதான வரிசை. எனக்கு டிக்கெட் தேதி ஒன்றுதான் கண்ணில் நிற்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருக்கிறாள். கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "அம்மா, விடும்மா" என்றாள். விடமாட்டேன். அருணாசலேசா, போதும், என் பெண் வந்துவிட்டாள்.

ஜூலை 17, வியாழன்

ஆடி முதல் நாள். பாயசம் வைத்தேன். மாடிக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன். சந்தோஷத்தில் லிண்டாம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் பாயசத்தைத் தொடவில்லை. "சரி. இப்போ அந்தப் பையன்கூட யார் இருக்கா?" என்றார்.

யாரும் இல்லை.

"துப்பாக்கி?"

அவரிடம்தான்.

தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷத்தில் தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. அவனும் இப்படித்தான் யாரோ வருகிறார்கள் என்று பயந்துகொண்டே இருந்தானாம். எல்லோரும் அவன் மற்றவர்களைச் சுட்டுவிடுவான் என்று பயந்தார்களாம். "யாரையும் சுடல சரோஜாம்மா. தன்னைத்தான்." அவன் மனைவி அம்மா வீட்டுக்குப் போன வாரத்தில்.

நான் என்ன செய்துவிட்டேன்?

ஜூலை 18, வெள்ளி

பொன்னி மருமகளைப் பார்க்க வந்தார். பூ, பழம், புடவை. கவியின் கன்னத்தைத் தடவிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "உங்க பொண்ணு உங்க ஊட்டுக்கு வந்துட்டா சம்பந்தி. என் புள்ள அங்க தனியா கீறான்."

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னதிலிருந்து கவி போனும் கையுமாகத்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை கூப்பிட்டால் ஒரே கேள்விதானாம்: கதவைப் பூட்டினியா?

ஜூலை 24, வியாழன்

இரண்டு நாளாக மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை.

கவி அங்கே போலீசைக் கூப்பிடலாம் என்று எண்ணைப் போட்டாள், பிறகு அழித்துவிட்டாள். "போலீஸ் கதவைத் தட்டினா அவர் அதை எடுத்துக்கினுதான்மா தொறப்பார். அவங்க கையிலயும் இருக்கும்." நாங்கள் மூன்று பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். இவர் எழுந்து போய் சாமி படத்துக்கு முன் நின்றார். இவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கடைசியில் கவி சரவணகுமாரைக் கூப்பிட்டாள். செழியனோடு காலேஜில் படித்த ஆரணிப் பையன், அவரும் டெக்சஸில்தான். நேரில் போய்ப் பார்க்கிறேன் என்றார்.

போகட்டும். சீக்கிரம் போகட்டும். கடவுளே, அந்தப் பிள்ளை கதவுக்கு நேராக நிற்காமல் இருக்கட்டும்.

ஜூலை 26, சனி

நேற்று எழுத முடியவில்லை.

சரவணகுமார் போய்ச் சேர்ந்தபோது உள்ளே ஆள் இருக்கிறார், கதவைத் திறக்கவில்லை. சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஒன்றும் பலிக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு, போனைக் கதவுக்குக் கீழே இடுக்கில் வைத்தார். தகவல் கேட்டு இங்கே வந்திருந்த பொன்னி பேசினார். கவி பேசினாள். உள்ளே அசைவு இல்லை.

நான் போனை வாங்கினேன். என்ன பேசுவது என்று தெரியாமலேதான் வாங்கினேன்.

"மாப்பிள்ளை, நான் அத்தை பேசறேன். தலை ஆடிக்குப் பொண்ணை மட்டும் அழைச்சது என் தப்பு. மாப்பிள்ளையையும் அழைக்கணும். வாங்க."

போனை இன்னும் வாய்க்குக் கிட்டே வைத்துக்கொண்டேன்.

"மாத்திரை விஷயம் எனக்குத் தெரியும். வேலூர் ஆஸ்பத்திரியும் தெரியும். கவிக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும். தெரிஞ்சிதான் கூப்பிடறேன்."

அப்புறம் கதவுக்குப் பக்கத்திலிருந்து குரல். "தெரிஞ்சுமா, அத்தை?"

"தெரிஞ்சுதான்யா."

ப்ளேன்ல அதை எடுத்துக்கினு வர முடியாதே என்றார். குழந்தை கேட்பதுபோல் கேட்டார். இங்கே எங்கள் வீட்டில் உங்கம்மாவோடு சேர்த்து நான்கு பேர் இருக்கிறோம், கதவை நாங்கள் பூட்டுகிறோம், அதை சரவணனிடம் கொடுத்துவிட்டு வாங்க என்றேன். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. கவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு சரவணகுமாரின் குரல்: "என்கிட்ட குடுத்துட்டான்மா."

ஜூலை 31, வியாழன்

சரவணகுமார் லீவு போட்டுக் கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். தனியாக ஏற்றிவிட மனம் வரவில்லையாம். மாப்பிள்ளை தாடியும் மீசையுமாக, ஆளே அடையாளம் தெரியவில்லை. வந்ததும் வீட்டுக் கதவுகளை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார். நான் சாவிக்கொத்தை அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன். இதை எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நேற்றுத்தான் வேலூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். மாப்பிள்ளை விருந்தில் பாதிதான் சாப்பிட்டார். ஜன்னலை அடிக்கடி பார்க்கிறார். லிண்டாம்மா கீழே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாப்பிள்ளை இப்போது தூங்குகிறார், சாப்பிடுகிறார். இன்று மத்தியானம் பொன்னி, நான், இவர், கவி எல்லோரும் கூடத்தில் இருக்கும்போதே, "அத்தை, கொஞ்சம் தண்ணி" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொன்னி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். போய் அழுதிருப்பார்.

அவர் படுத்த பிறகு கவியிடம் கேட்டேன், அந்த சனியன் இப்போது எங்கே என்று.

"சரவணன் வித்துட்டாராம்மா. உன் மாப்பிள்ளைதான் வித்துடச் சொன்னார்."

"யாருக்குடி?"

"தெரியல. நெட்ல போட்டிருக்கார். ஒரு ஆள் கார்ல வந்து, ஏதோ கடை வாசல்லயே காசைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போய்ட்டானாம்."

"கடையில கேட்ட மாதிரி அவனை ஒண்ணும் கேக்கலையா?"

"ஆளுக்கு ஆள் வித்தா அந்த ஊர்ல கேக்க வேணாமாம்மா."

ஆள் எப்படி இருந்தான் என்றேன். சின்ன வயசுதானாம். வாங்கிக்கொண்டு போகிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

உள்ளே மாப்பிள்ளையின் குறட்டைச் சத்தம் கேட்கிறது. தொலைந்தது பீடை என்று நானும் போய்ப் படுக்க வேண்டியதுதான். அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். துப்பாக்கி வாங்கியதை அவளிடம் அவன் இன்னும் சொல்லியிருக்க மாட்டான்.